ஒரு கரண்டி, ஏழு பாத்திரம்

கிளவுஸ் அக்காவுக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம் பளபளக்கும். வாயால் திட்ட மாட்டாள். கையில் கிடைத்ததை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். சமையலறையிலிருந்து தேய்க்கிற சத்தம் பலமாகக் கேட்டால், அவள் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கு நாம் என்ன செய்தோம் என்று யோசிப்பார். பெரும்பாலும் ஏதாவது செய்திருப்பார்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. மேலே ஆபரேஷன் முடிந்ததும் கத்தி, கத்திரி, இடுக்கி எல்லாம் ரத்தமும் சதையுமாக லிஃப்டில் இறங்கி வரும். முதல் அறையில் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டாம் அறையில் எண்ணி, அடுக்கி, துணியில் சுற்றி, டேப் ஒட்டி நீராவிப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். மூன்றாம் அறைப் பக்கம் கதவைத் திறந்தால் எல்லாம் சுத்தமாக வெளியே வரும். ஒருமுறை முன்னால் போனது பின்னால் வரக் கூடாது. சுத்தமான தட்டில் சந்தேகத்துக்குரிய ஒரே ஒரு இடுக்கி பட்டுவிட்டாலும், தட்டு மொத்தமும் முதல் அறைக்குத் திரும்பும். டாக்டர் மேலே நின்று குதித்தாலும் சரி, அவர் குதிக்கிற நேரத்தில் இவள் கழுவிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் மிளகாய் நறுக்கக்கூட கையுறை போடுவாள். அதைப் பார்த்துக் கொழுந்தன் வைத்த பெயர்தான் கிளவுஸ் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையிலும் சம்பளச் சீட்டிலும் பத்திரமாக இருக்கிறது.

கணவர் வீட்டில் மொத்தம் நான்கு குடும்பம், பதினேழு தலை. வருடக் கடைசி விடுமுறையில் ஒருநாள் எல்லோரும் ஒரு வீட்டில் கூடி மத்தியானம் சாப்பிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை நடத்துகிறவர் கணவரின் அக்கா. முப்பத்து நான்கு வருடம் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்தவர். எதைப் பார்த்தாலும் அளவு சொல்லிவிடுவார், எந்தச் சமையலுக்கும் தீர்ப்பு சொல்லிவிடுவார். அதனால் நீதிபதி என்று பெயர். அவர் முகத்துக்கு முன்னால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், தெரிந்தும் சந்தோஷப்படுகிறார்.

நீதிபதியின் கைப்பையில் ஒரு கரண்டி இருக்கும். நீளக் காம்பு, சின்னக் குழி. பந்தி தொடங்குமுன் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வருவார். முதல் பாத்திரத்தில் விட்டு ஒரு சொட்டு உள்ளங்கையில் ஊற்றி நக்குவார். அதே கரண்டி அடுத்த பாத்திரம், அதே கரண்டி அதற்கடுத்தது. ஏழு பாத்திரம் இருந்தால் ஏழும். உப்புப் போதாது, காரம் தூக்கல், பரவாயில்லை என்று தீர்ப்பு வந்த பிறகுதான் தட்டு எடுக்கலாம். முப்பது வருடமாக இப்படித்தான்.

இந்தக் குடும்பத்துக்குத்தான் சின்னவள் மருமகளாக வந்தாள். சின்னவள் என்றால் கிளவுஸ் அக்காவின் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். சாலையில் எத்தனை பெரிய மனிதரையும் "நிறுத்துங்க" என்று சொல்லத் தயங்காதவள், புகுந்த வீட்டில் வாய் திறந்து தண்ணீர்கூடக் கேட்க மாட்டாள். மூன்று வருடத்துக்கு முன் ஆள் துரும்பாக இளைத்துப்போய், வயிற்றுவலியும் மயக்கமுமாகக் கிடந்து, ரத்தம் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, கடைசியில் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமை, பார்லி வகைகளில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலில் பட்டால் உடம்பே தன் குடலைப் புண்ணாக்கிக்கொள்ளும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க ஒரு துணுக்குகூட உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான் வைத்தியம்.

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். விருந்தாளிக்குச் சர்க்கரை வியாதி என்றால் நம் ஆட்கள் உச்சுக்கொட்டுவார்கள். கோதுமை ஆகாது என்றால் சிரிப்பார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்பார்கள். சின்னவள் விருந்துக்கு வந்தால் இரண்டு வாழைப்பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு, பசியில்லை என்று சொல்லிக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்திருப்பாள்.

போன வருடம் கிளவுஸ் அக்கா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இவளுக்கென்று ஒரு சின்னச் சட்டியில் தனியாகச் சோறும் கோழியும் நான் சமைக்கிறேன் என்றாள். சின்னவள் தயங்கித் தயங்கி, நாத்தனார் அண்ணியின் கரண்டி எல்லாப் பாத்திரத்துக்கும் போகுமே என்றாள். கிளவுஸ் அக்கா நெஞ்சை நிமிர்த்தினாள். இருபத்திரண்டு வருட அனுபவம் நிமிர்ந்தது. அடுப்பில் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுவில் நீதிபதி கரண்டியை அந்த வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீருக்குத் தப்பியது உலகத்தில் எது? சின்னவளும் நம்பினாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தாள்.

குடும்பமே கூடித் தீர்மானித்துவிட்டது. தனிச் சட்டி வைத்து, வெந்நீர் வைத்து, இத்தனை செய்தும் வாந்தி என்றால், நோய் வயிற்றில் இல்லை, மனசில்தான் இருக்கிறது. இதைச் சொன்னவர்களில் கிளவுஸ் அக்காவும் ஒருத்தி. இல்லை, அவள்தான் முதலில் சொன்னாள். தன் சுத்தத்தையே ஒருத்தி குறை சொல்லிவிட்டாள் என்ற ரோஷம். ஐந்து மாதம் சின்னவளோடு பேசவில்லை.

ஆறாம் மாதம் சலவைப் பிரிவிலிருந்து ஒரு அம்மாள் இவளுடைய பிரிவுக்கு மாற்றலாகி வந்தார். வந்த அன்றே, இடுக்கியின் பல்லிடுக்கில் காய்ந்த சதை இருப்பதைச் சரியாகத் தேய்க்காமல் தட்டில் வைத்தார். அதுதான் நீராவியில் போகிறதே, எல்லாம் செத்துப்போகுமே என்று கேட்டார். கிளவுஸ் அக்கா இருபத்திரண்டு வருடமாக ஆயிரம் பேருக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னாள்.

"சூடு கிருமியைத்தாம்மா கொல்லும். ஒட்டிக்கிட்டு இருக்கிறதை எடுத்துடாது. அழுக்கைச் சுட வெச்சா, சுட்ட அழுக்குதான் கிடைக்கும்."

சொல்லி முடித்ததும் அவள் கை நின்றுவிட்டது. குளூட்டன் கிருமி இல்லை. அதைக் கொல்ல முடியாது. முதல் பாத்திரத்துக் குழம்பில் நீதிபதி கெட்டியாக வரட்டும் என்று கோதுமை மாவு கரைத்து விட்டிருந்தார். அது கரண்டியில் ஒட்டி வெந்நீருக்குப் போயிருக்கும். மூன்றாம் பாத்திரம் வருவதற்குள் வெந்நீரே மாவுத் தண்ணீராகியிருக்கும். அதில் முக்கி எடுத்த கரண்டியைத்தான் கடைசியில் சின்னவளின் சட்டிக்குள் விட்டார்கள். சுத்தம் என்று பக்கத்தில் நின்று சத்தியம் செய்தது யார்? அன்றைக்குக் கிளவுஸ் அக்கா தேய்த்த தேய்ப்பில், அந்தத் தட்டில் முகம் பார்த்துப் பொட்டு வைத்திருக்கலாம்.

வேலை முடிந்ததும் நேராகப் பயிற்சி மைதானத்துக்குப் போனாள். சின்னவள் காரில் ஒரு பருத்த கான்ட்ராக்டருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளவுஸ் அக்கா பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

"போன வருஷம் உன்னைப் படுக்கப் போட்டது நான்தான். என் வெந்நீர்தான். உன் மேல தப்பில்ல. நீ நடிக்கிறேன்னு சொன்னதும் நான்தான்."

கான்ட்ராக்டர் பதறி வண்டியை அணைத்துவிட்டார். சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் இவளைப் பார்த்தபடி, அதெல்லாம் இருக்கட்டும் அக்கா, இனிமேல் நான் வரப்போவதில்லை, என் வீட்டுக்காரர் மட்டும் வருவார், அவரிடம் சொல்லியாகிவிட்டது என்றாள். அழாமல் சொன்னாள். கிளவுஸ் அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. கோபித்துக்கொண்டு வராமல் இருந்தால் சமாதானம் செய்யலாம். இவள் கணக்குத் தீர்த்துவிட்டு வராமல் இருக்கிறாள். இந்த வருடம் வராதவள் பிறகு எந்த வருடமும் வர மாட்டாள்.

"இந்த வருஷம் பந்தி என் வீட்டுல" என்றாள் கிளவுஸ் அக்கா. "உனக்குத் தனிச் சட்டி கிடையாது. வீட்டுல கோதுமையே கிடையாது. பதினேழு பேரும் எதைச் சாப்பிடுறாங்களோ அதைத்தான் நீயும் சாப்பிடுவ. வா."

கணவரிடம் சொன்னபோது, ஒருத்திக்காகப் பதினேழு பேரும் பத்தியம் இருக்க வேண்டுமா என்று கேட்டார். பதினேழு பேருக்காக ஒருத்தி மூன்று வருடம் பட்டினி கிடந்தாளே, அப்போது ஏன் இந்தக் கணக்குப் போடவில்லை என்று கேட்டாள். அவர் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

விருந்துக்கு முந்தைய இரண்டு மாதம் வேலை நடந்தது. பழைய மரக்கரண்டி, சப்பாத்திப் பலகை, சல்லடை எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். சோயா சாஸில் கோதுமை இருந்தது. மசாலாப் பொடி ஒன்றில் இருந்தது. சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஒரு மிட்டாயில் இருந்தது. அரிசி மாவில் கேக் செய்து பழகினாள். முதல் நான்கும் செங்கல். ஐந்தாவதைக் கொண்டு சுவரில் ஆணி அடிக்கலாம் என்றார் கணவர். ஏழாவதைத் தின்று பார்த்துவிட்டு, இன்னொரு துண்டு எடுத்தார்.

விருந்து நாள் காலையில் சமையலறை வாசலில் தரையோடு தரையாகச் சிவப்பு டேப் ஒட்டினாள். வெளியிலிருந்து கொண்டுவரும் எதுவும் அதைத் தாண்டக் கூடாது. அடுப்படியில் ஏழு பாத்திரம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு புதுக் கரண்டி. ருசி பார்க்க வேண்டுமா, தாராளமாகப் பாருங்கள், அதனதன் கரண்டியால் பாருங்கள். பதினொரு மணிக்குச் சின்னவள் வந்தாள். கையில் வாழைப்பழம் இல்லை. கிளவுஸ் அக்கா அதைக் கவனித்தாள்.

நீதிபதி பன்னிரண்டு மணிக்குக் கேக் டப்பாவோடு வந்தார். கோதுமை மாவு, வெண்ணெய், முட்டை போட்டு அவர் கையாலேயே செய்தது. டப்பா கூடத்து மேஜையோடு நிற்கட்டும் என்றதும் முகம் சுருங்கியது. சிவப்பு டேப்பைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன ஆபரேஷன் நடக்கிறதா என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். கிளவுஸ் அக்கா ஆமாம் என்றாள். சிரிப்பு நின்றது. நீதிபதி கூடத்தில் உட்கார்ந்து தன் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்து, தானும் ஒரு துண்டு சாப்பிட்டார். விரலெல்லாம் தூள்.

அந்த நேரத்தில் காஸ் சிலிண்டர்காரன் வாசலில் மணி அடித்தான். கையெழுத்துப் போட, மாற்ற என்று கிளவுஸ் அக்கா போய் வர ஐந்து நிமிடம். ஆள் இல்லாத நேரம் எது என்று பூனைக்குத் தெரியாதா? நீதிபதி டேப்பைத் தாண்டி உள்ளே போனார்.

ஒரு மணிக்குத் தட்டு வைக்கும்போது சின்னவள் பின்னால் வந்து நின்றாள். வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டு காலையிலிருந்து சமையலறையிலேயே இருந்தவள்.

"எனக்குப் பசியில்லக்கா. நீங்க எல்லாரும் சாப்பிடுங்க."

மூன்று வருடமாகக் கேட்ட வார்த்தைதான். ஆனால் காலையில் வெறுங்கையோடு வந்தவள் இதைச் சொல்கிறாளே. கிளவுஸ் அக்கா அவளைப் பார்க்காமல் அடுப்படியைப் பார்த்தாள். ஏழு புதுக் கரண்டியும் வைத்தது வைத்தபடி காய்ந்து கிடந்தன. கோழிக்குழம்பின் ஓரத்தில் ஒரு துளி மஞ்சள் தூள்போல் கேக் துணுக்கு ஒட்டியிருந்தது. தொட்டியில் நீளக் காம்புக் கரண்டி கிடந்தது.

கரண்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். இது எந்தெந்தப் பாத்திரத்தில் போனது என்று கேட்டாள். நீதிபதி மறைக்கவில்லை. அவர் மறைக்கிற ஆள் இல்லை.

"ஏழுலயும்தான். வழக்கமா பாக்குறதைத்தானே பாத்தேன்? என் தம்பி வீட்டுல நான் ருசி பாக்க உன் அனுமதி வேணுமா? ஒரு துளி பட்டா என்ன, செத்தா போயிடுவா?"

கிளவுஸ் அக்கா சின்னவள் பக்கம் திரும்பினாள். கண்ணால் பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாளே என்று அவள் மேலும் கோபம் வந்தது. பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிற இந்த நல்ல குணத்தைப் பிடித்து நாலு அறை விடலாம்போல் இருந்தது.

உள்ளே போனாள். ஏழு பாத்திரத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கூடத்து மேஜையில் வைத்தாள். விடியற்காலை நான்கு மணியிலிருந்து நின்று செய்தது. கைப்பிடித் துணி வழியே சூடு ஏறியது. ஏழாவதை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"யாருக்கு அவசரமோ சாப்பிடலாம். தடையில்ல. நான் மறுபடியும் ஆரம்பத்துலேர்ந்து சமைக்கப் போறேன்."

கணவர் எழுந்து வந்து, மணி ஒன்றாகிவிட்டது, குழந்தைகள் எல்லாம் பசியோடு இருக்கிறார்கள், எல்லோர் முன்னாலும் அக்காவை இப்படி அவமானப்படுத்த வேண்டுமா என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சின்னவளும் அதையேதான் சொன்னாள். விட்டுவிடுங்கள் அக்கா, என்னால் சண்டை வேண்டாம், நிஜமாகவே பசியில்லை.

"சண்டையைப் பத்தி நான் கேக்கல" என்றாள் கிளவுஸ் அக்கா. "உனக்குப் பசிக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு. இல்லைன்னு சொன்னா அடுப்பை அணைச்சிடுறேன். இனிமே உன்னைக் கூப்பிடவும் மாட்டேன்."

சின்னவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதியைப் பார்த்தாள். மேஜையில் ஆவி பறக்கும் ஏழு பாத்திரத்தையும் பார்த்தாள்.

"பசிக்குதுக்கா" என்றாள். "காலையிலேர்ந்து பசிக்குது. மூணு வருஷமா இந்த வீட்டுக்கு வர்றப்பல்லாம் பசிக்குது."

இதைக் கேட்டதும் அவள் புருஷன் எழுந்தான். கோழி எவ்வளவு வாங்க வேண்டும் என்று கிளவுஸ் அக்காவிடம் கேட்டான். கிளவுஸ் அக்கா இரண்டு கிலோ என்றாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான். கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, டேப்புக்கு வெளியே நின்றபடி, வெங்காயத்தை எந்தப் பலகையில் நறுக்குவது என்று கேட்டார். திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

ஏழெல்லாம் முடியவில்லை. சோறு, கோழிக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், முட்டை, நான்கோடு நின்றது. குழந்தைகள் பொறுக்காமல் மேஜையில் இருந்ததைச் சாப்பிட்டார்கள். அவர்களை யார் குறை சொல்வது? பெரியவர்களில் ஒருவர்கூடத் தட்டை எடுக்கவில்லை. வைராக்கியமா, வெட்கமா, கிளவுஸ் அக்கா மேல் பயமா, யாருக்குத் தெரியும். நீதிபதியும் எடுக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பிப் போகவும் இல்லை.

மூன்றரை மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். கிளவுஸ் அக்கா முதல் தட்டைச் சின்னவளுக்கு வைத்தாள். அடுத்த தட்டை நீதிபதிக்கு வைத்தாள். மூத்தவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. நீதிபதி ஒரு வாய் சாப்பிட்டார். எல்லோரும் பார்த்தார்கள்.

"உப்பு கம்மி" என்றார். இரண்டாவது வாயும் எடுத்தார்.

சின்னவள் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிடுவதையே நீதிபதி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு இளகியதோ, தோற்றுப்போக மனமில்லையோ, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமோ. கேக் டப்பாவைத் திறந்தார். இருப்பதிலேயே நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"ஒரே ஒரு விள்ளல். உனக்குன்னு எடுத்து வெச்சேன். எனக்காகச் சாப்பிடும்மா."

குரலில் அதிகாரம் இல்லை. அதுதான் ஆபத்து. அன்பாகக் கேட்டால் சின்னவள் விஷத்தைக்கூட வாங்கிக்கொள்வாள் என்று கிளவுஸ் அக்காவுக்குத் தெரியும். பாய்ந்து தட்டிவிட எழுந்தாள்.

சின்னவள் அதற்குள் இடது கையால் தன் தட்டை மூடிவிட்டாள்.

"வேண்டாம் அண்ணி. நீங்க குடுத்தாலும் வேண்டாம். எனக்காக அதை உள்ள வெச்சிட்டு, கையைக் கழுவிட்டு வந்து, அந்தக் குழம்பை எனக்கு ஊத்துங்க. எனக்கு இன்னும் பசி அடங்கல."

நீதிபதி துண்டை டப்பாவில் வைத்தார். மூடியை அழுத்தினார். எழுந்து குழாயடிக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை சின்னவள் தட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.